புரோக்கர் மூலம் பழைய மோட்டார் படகு: வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

இன்ஜின்ரூம்_மகள்

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா 31 வருஷம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். "கடல்லயே இருந்தேன், ஆனா கடலைப் பார்த்தது கம்மி. நம்ம வேலையெல்லாம் தண்ணி மட்டத்துக்குக் கீழதான்" என்று அடிக்கடி சொல்வார். இப்போது வயது 72. ஒரு முழங்கால் மடங்குவதில்லை. அவர் திறந்த வெளியில் உட்கார்ந்து நாலு பக்கமும் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நாலு வருஷமாகப் பணம் சேர்த்திருக்கிறேன். புதுசு வாங்க முடியாது. பழசுதான்.

பார்த்து வைத்திருப்பது 24 அடி ஃபைபர் படகு, முன்னால் சின்ன கேபின். 19 வருஷம் பழசு, மூன்றாவது ஓனர். பெட்ரோல் வி6 இன்ஜின் உள்ளே இருக்கும், ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிற டிரைவ் மட்டும் பின்பக்கம் வெளியே இருக்கும், ஸ்டெர்ன் டிரைவ் என்கிறார்களே அந்த வகை. இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் 640 காட்டுகிறது. இத்தனை வருஷமும் உப்புத் தண்ணீரில்தான் கிடந்திருக்கிறது.

போன சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. உடம்புக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள், இருக்கைத் துணி புதுசு, இன்ஜினுக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சோப்பு வாசனைதான் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் சாய்ந்து இன்ஜினின் வால்வு கவர் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் தொட்டேன். சூடாக இருந்தது.

புரோக்கரிடம் கேட்டதற்கு, "நீங்க வந்து காத்திருக்க வேண்டாம்னு காலையிலயே ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றார். சாவியைத் திருப்பியதும் டக்கென்று பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "சூடா இருக்கும்போது எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான்மா."

புரோக்கர் மரியாதையாகப் பேசுகிறார், போன் செய்தால் எடுக்கிறார். ஓனரை நான் பார்க்கவில்லை, வெளியூரில் வேலையாம். "உங்க பக்கம் பார்த்து நல்லபடியா முடிச்சுத் தர்றேன்" என்கிறார். இன்னொரு பார்ட்டியும் கேட்பதால் வெள்ளிக்கிழமைக்குள் விலையில் 10 சதவீதம் போட்டால் படகை எனக்காகப் பிடித்து வைப்பாராம். பணத்தை அவர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார். கையெழுத்துக்கு அனுப்பிய ஒப்பந்தம் ஒரே பக்கம். அதில் "படகு உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று ஒரு வரி இருக்கிறது, படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தருகிற சர்வே பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டால், "எனக்குப் பழக்கமான சர்வேயர் ஒருத்தர் இருக்கார், அட்வான்ஸ் வந்ததும் அவரையே வரச் சொல்லிடறேன்" என்கிறார்.

இந்த மனிதர் உண்மையில் யாருக்காக வேலை செய்கிறார்? அட்வான்ஸ் போட்ட பிறகு படகில் கோளாறு தெரிந்தால் பணம் திரும்பி வருமா? அவர் சொல்லும் சர்வேயரையே வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் யாரும் இதுவரை படகு வாங்கியதில்லை. அப்பாவுக்கு இன்ஜின் தெரியும், வியாபாரம் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது.

வாடைக்காற்று

சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வெள்ளிக்கிழமை பணமும் அனுப்பாதீர்கள். படகு போனால் போகட்டும். நான் பட்டதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

8 வருஷம் முன்னால் நான் வாங்கியது 26 அடி. உங்களுடையதைப் போலவே ஸ்டெர்ன் டிரைவ், புரோக்கர் மூலம்தான். அவரே சர்வேயரைக் கொண்டு வந்தார். வந்தவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். 3 பக்க அறிக்கை. "வயதுக்கு ஏற்ற நல்ல நிலை" என்று எழுதியிருந்ததைப் பார்த்து மனசு நிறைந்துபோய்ப் பணத்தைக் கட்டினேன். இரண்டாவது மாசம், வேகம் கொடுக்கும்போது பின்பக்கம் ஏதோ அசைவது போலத் தோன்றியது. மெக்கானிக் வந்து டிரைவைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். டிரைவோடு சேர்ந்து பின்பலகையும் அசைந்தது.

அந்த டிரான்சம் என்கிற பின்பலகையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த வயதுப் படகுகள் பலவற்றில் அது முழு ஃபைபர் கிடையாது. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். ஸ்டெர்ன் டிரைவுக்காக அதில் ஒரு பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள். ஏணிக்கு, குளிக்க இறங்கும் பலகைக்கு, டிரிம் தகடுக்கு என்று வரிசையாக போல்ட் ஓட்டைகள் வேறு. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீரைத் தடுப்பது ஒரு விரல் அளவு சீலன்ட்தான். அது வருஷம் போகப் போக விட்டுப்போகும். தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கி பிளைவுட் ஊறி மக்கிப்போகும். வெளியே பாலிஷ் போட்டால் பளபளவென்று நிற்கும், உள்ளே கையால் பிய்க்கலாம். படகைத் தள்ளும் விசை முழுக்க அந்தப் பலகை வழியாகத்தான் போகிறது. அதைச் சரி செய்ய டிரைவைக் கழற்றி, இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்து, உள்பலகையைத் தோண்டி எடுத்துப் புதுசாகக் கட்ட வேண்டும். எனக்கு ஆன செலவு படகுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல்.

பிறகு அறிக்கையைத் திருப்பிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: படகு தண்ணீரில் இருந்ததால் அடிப்பகுதியும் ஈரப்பதமும் சோதிக்கப்படவில்லை. அந்த ஒரு வரியை நான் முதலிலேயே படித்திருந்தால்!

ஆகவே சர்வேயரை நீங்களே தேடுங்கள், நீங்களே காசு கொடுங்கள், அறிக்கை உங்கள் பெயருக்கு வரட்டும். புரோக்கர் சொல்லும் ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்த வேலையும் அதே புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும். படகைக் கரைக்குத் தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கும் செலவு வாங்குகிறவருடையது, அதில் சுருக்கம் பார்க்காதீர்கள்.

நல்ல சர்வேயர் சின்ன பிளாஸ்டிக் தலைச் சுத்தியலோடு வருவார். அணியம் என்கிற முன்முனையிலிருந்து அமரம் என்கிற பின்முனை வரை சாண் சாணாகத் தட்டுவார். கெட்டியான இடம் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடமோ, தோல் பிரிந்த இடமோ "பொத் பொத்" என்று மந்தமாகக் கேட்கும். ஈரமானி வைத்தும் பார்ப்பார். ஆனால் அந்தக் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்புகிறவர் நல்ல சர்வேயர் இல்லை. அடியில் பூசுகிற பாசித்தடுப்புப் பெயின்டில் செம்பு இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும், இப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கிய படகும் அப்படித்தான். அதனால் அங்கங்கே பெயின்டைச் சுரண்டிவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு மேல் உள்ள காய்ந்த பகுதியோடு ஒப்பிட்டுச் சொல்வார். அடியில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். குத்தினால் வினிகர் மாதிரி புளித்த வாசனையோடு நீர் வந்தால் ஃபைபருக்குள் தண்ணீர் புகுந்து ரசாயன வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சின்னதாக நாலைந்து இருந்தால் பயப்பட வேண்டாம், சரி செய்யலாம். உடம்பு முழுக்க இருந்தால் விலகிவிடுங்கள்.

சர்வேயருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே உங்கள் அப்பா ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகையைத் தட்டிப் பார்க்கட்டும். இன்ஜின் சத்தத்தில் 31 வருஷம் பழகிய காது அது, வித்தியாசம் தெரியும்.

ஒற்றைத்துடுப்பு

24 அடிப் படகுக்கு சர்வேயர் எல்லாம் தேவையா? அந்தக் காசில் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வாங்கிய இரண்டு படகையும் அப்படித்தான் வாங்கினேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

வாடைக்காற்று

அண்ணா, மெக்கானிக் கண்டிப்பாக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மெக்கானிக் இன்ஜினைப் பார்ப்பார், பலகையைப் பார்க்க மாட்டார். அதோடு இந்த வயதுப் படகுக்குப் பெரும்பாலான இன்சூரன்ஸ்காரர்கள் சர்வே அறிக்கை இல்லாமல் பாலிசி தர மாட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லையென்றால் பல படகுத் துறைகளில் கட்டி வைக்கவே விடுவதில்லை. எப்படியும் கொடுக்க வேண்டிய காசை வாங்குவதற்கு முன்னால் கொடுத்தால் பயன் உண்டு.

முன்னாள்_தரகர்

தங்கச்சி, நான் 11 வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது விட்டுவிட்டேன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: அவர் விற்பவருக்காக வேலை செய்கிறார். வழக்கமாக விற்பவர்தான் அவரை அமர்த்துகிறார், விற்ற பணத்திலிருந்து அவருக்குக் கமிஷன் போகிறது. பரவலாக இருக்கிற கணக்கு 10 சதவீதம். உங்களுக்காக மட்டும் பேச ஆள் வேண்டுமென்றால் தனியாக ஒரு புரோக்கரை நீங்கள் அமர்த்தலாம், அப்போது கமிஷனை இரண்டு புரோக்கர்களும் பிரித்துக்கொள்வார்கள். "உங்க பக்கம் பார்த்து முடிச்சுத் தர்றேன்" என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அதற்காக அவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவர் கணக்கைப் புரிந்துகொண்டால் உங்களுக்கே அது உதவும். விலையில் 100 குறைந்தால் அவருக்கு நஷ்டம் 10 மட்டும். வியாபாரமே முறிந்தால் எல்லாம் நஷ்டம். அதனால் ஒரு புரோக்கருக்கு விலை எவ்வளவு என்பதைவிட வியாபாரம் முடிவதுதான் முக்கியம். சர்வேயில் குறை தெரிந்தால் ஓனரிடம் போய் விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாடுகிற ஆள் அவராகத்தான் இருப்பார். நான் எத்தனையோ தடவை அதைச் செய்திருக்கிறேன். ஆகவே குறையை மறைத்துப் பேரம் பேச வேண்டாம். அறிக்கையை அப்படியே அவர் கையில் கொடுங்கள்.

அட்வான்ஸ் 10 சதவீதம் என்பது வழக்கம்தான், அதில் தப்பில்லை. அது எங்கே போகிறது, எந்த நிபந்தனையில் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வாடிக்கையாளர் பணத்துக்கென்று ஒழுங்கான புரோக்கர் தனிக் கணக்கு வைத்திருப்பார். சொந்தக் கணக்குக்குப் பணம் போகக் கூடாது. கேளுங்கள். அவர் தயங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: சர்வேயும் வெள்ளோட்டமும் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவீர்கள், இல்லையென்றால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும், அந்த முடிவைச் சொல்ல இன்ன தேதி வரை அவகாசம். இதில் ஒரு கண்ணி உண்டு. குறித்த தேதிக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் படகை மறுத்ததாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன, ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று தேடிப் படியுங்கள். "உள்ளது உள்ளபடி" என்ற வரி இருக்கலாம், பழைய படகில் அது எப்போதும் இருக்கும். ஆனால் அந்த வரிக்கு முன்னால் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

ஓனர் ஊரில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடப் போகிறார், அதற்கு அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே? பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல் மூலையில் படகின் அடையாள எண் பதித்திருக்கும். 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஐஎஸ்ஓ 10087 என்கிற சர்வதேச முறைப்படி நாட்டுக் குறியும் சேர்ந்தால் 14. கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். அது பதிவுச் சான்றிதழோடும் விற்பனைப் பத்திரத்தோடும் ஒரு எழுத்து விடாமல் பொருந்த வேண்டும். தகட்டைச் சுற்றிச் சுரண்டல் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது கடன். பல நாடுகளின் கடல் சட்டத்தில் சில வகைக் கடன்கள் ஆளைத் துரத்துவதில்லை, படகைத் துரத்துகின்றன. பட்டறைக்குக் கொடுக்காத கூலி, துறைக்குக் கட்டாத வாடகை, வங்கி பாக்கி, இவையெல்லாம் படகோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்துவிடலாம். படகு நிற்கும் துறையிடமிருந்து பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். கடன் பதிவேடு இருக்கும் இடமானால் அதையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதை அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: "இதற்கு முன் யாராவது இந்தப் படகுக்கு சர்வே எடுத்துவிட்டு வாங்காமல் போனார்களா?" வாயால் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். எழுத்தில் வந்த கேள்விக்குத் தெரிந்தே பொய்ப் பதில் எழுத எந்தப் புரோக்கருக்கும் கை நடுங்கும். எனக்கு அந்தக் கேள்வியை எழுத்தில் அனுப்பியவர்கள் மூன்று பேர்தான், மூன்று பேருக்கும் உண்மையைத்தான் எழுதினேன்.

கிரீஸ்கை

அம்மணி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். வால்வு கவரில் கை வைத்தாரே, எங்கள் பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அதுதான்.

640 மணி என்றால் வருஷத்துக்கு 34 மணிகூட இல்லை. கம்மியாக ஓடியது என்று சந்தோஷப்பட வேண்டாம். பெட்ரோல் படகு இன்ஜின் ஒழுங்காகப் பராமரித்தால் 1,500 மணி வரை போகும் என்பது எங்கள் பக்கத்துப் பொதுவான கணக்கு. உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா நிற்கிற இன்ஜின் அதற்கு முன்பே கெட்டுப்போகும். மீட்டரை மாற்றியிருக்கவும் முடியும். இன்ஜினில் கம்ப்யூட்டர் இருந்தால் மெக்கானிக் தன் கருவியை மாட்டி எத்தனை மணி ஓடியது, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பட்டியலாகவே எடுத்துவிடலாம்.

உப்புத் தண்ணீர் ஸ்டெர்ன் டிரைவில் நான் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேலே இருக்கிற ரைசரும். வார்ப்பிரும்பு. உள்ளே ஒரு பக்கம் புகை, இன்னொரு பக்கம் கடல் தண்ணீர், நடுவில் ஒரு சுவர். 5 முதல் 7 வருஷத்தில் அந்தச் சுவர் அரித்துப்போகும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும், இன்ஜின் முடிந்தது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெயின்ட் அடித்திருப்பதால் வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது.

அடுத்தது பெல்லோஸ், டிரைவுக்கும் படகுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் மடிப்பு. வெயிலிலும் உப்பிலும் வெடிக்கும். அது கிழிந்தால் டிரைவின் தண்டைத் தாங்குகிற ஜிம்பல் பேரிங் துருப்பிடிக்கும், ரொம்பக் கிழிந்தால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். டிரைவை முழுசாகத் தூக்கி மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். டிரைவின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் இரண்டு சொட்டு எடுங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் போயிருக்கிறது.

ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்ற அளவு, எடுக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல் ஒரு சிலிண்டர் தள்ளி நின்றால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. இன்ஜின் ஆயிலில் ஒரு குப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினால் உலோகத் துகளும் உப்பும் எவ்வளவு இருக்கிறது என்று எழுதித் தருவார்கள். பெரிய செலவில்லை.

வெள்ளோட்டத்தன்று இன்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறியிருக்க வேண்டும். முந்தின நாளிலிருந்து யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, கை வைத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். உள்ளே இருக்கிற பெட்ரோல் இன்ஜின் என்பதால் சாவி போடும் முன் உள்ளே தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் ப்ளோயர் ஃபேனை குறைந்தது 4 நிமிஷம் ஓட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில்தான் தேங்கும். யார் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். ஆறின இன்ஜின் எத்தனை தடவை திணறிப் பிடிக்கிறது, புகை என்ன நிறம் என்று பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. வெள்ளையாக வந்து சூடான பிறகும் நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது.

திறந்த தண்ணீரில் ஆக்சிலரேட்டரை முழுசாகத் தள்ளிப் பாருங்கள். இந்த வகை வி6 பலவற்றுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 4,400 முதல் 4,800 சுற்று, உங்களுடையதற்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். அந்த அளவை எட்டவில்லையென்றால் ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது அடியில் பாசி, அல்லது இன்ஜினுக்குத் தெம்பு இல்லை. எட்டிய பிறகு சில நிமிஷம் அப்படியே ஓட்டி சூடு முள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது பின்னாலிருந்து உறுமல் கேட்டால் அது ஜிம்பல் பேரிங். இவ்வளவு நேரமும் அப்பாவை இன்ஜின் மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள், வாசலில் நின்று காட்சி பார்க்க விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருப்பது உங்களுக்கு நல்லதுதான். புதுசாக விழுந்த ஒரு சொட்டு ஆயிலும் பளிச்சென்று தெரியும்.

இன்ஜின்ரூம்_மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

வெள்ளிக்கிழமை பணம் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக முன்னாள் தரகர் அண்ணன் சொன்ன மூன்று நிபந்தனைகளையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை புரோக்கர் திருத்திய ஒப்பந்தத்தையும் தனிக் கணக்கின் விவரத்தையும் அனுப்பிவிட்டார். இரண்டும் முதலிலேயே அவரிடம் இருந்திருக்கின்றன. இன்னொரு பார்ட்டி பற்றி அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. அட்வான்ஸ் போட்டேன். முன்பு சர்வே நடந்ததா என்ற கேள்வியையும் எழுத்தில் அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: ஆம், 8 மாசம் முன்னால் ஒருவர் சர்வே எடுத்துவிட்டு விலகினார், அறிக்கை அவருடைய சொத்து, கொடுக்க முடியாது. எதனால் விலகினார் என்பதற்குப் பதில் இல்லை. ஆனாலும் எழுதினாரே என்று மதிக்கிறேன்.

சர்வேயரை நானே தேடிப் பிடித்தேன். படகைக் கரைக்குத் தூக்கினோம். அடியில் பயப்படும்படி ஒன்றுமில்லை, காசு அளவில் நாலைந்து கொப்புளம். அப்பா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சர்வேயர் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். பின்பலகைக்கு வந்து ஏணியின் போல்டுக்குக் கீழே தட்டியதும் சத்தம் மாறியது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்ப்பதற்கு முன்பே அப்பா தலையை ஆட்டிவிட்டார். சர்வேயர் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். வட்டங்கள் டிரைவின் ஓரம் வரைக்கும் போய்விட்டன. ஏணி போல்ட் ஒன்றைக் கழற்றியதும் ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்தது.

"மெக்கானிக் செலவை மிச்சம் பண்ணுங்கம்மா" என்று அவரே சொன்னார். வெள்ளோட்டம் வரை போகவில்லை.

கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னால் எழுத்தில் மறுத்தேன். புரோக்கர் ஓனரிடம் பேசி விலையை நிறையவே குறைக்க வைத்தார், முன்னாள் தரகர் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு இரவு முழுக்க யோசித்தேன். இன்ஜினைத் தூக்கி, பலகை கட்டி, திரும்ப இறக்குவதற்குள் பல மாசம் போய்விடும். அப்பாவுக்கு 72. அந்த மாசங்களை ஒரு பட்டறையில் விட எனக்கு மனசில்லை. வேண்டாம் என்றேன். நாலாவது வேலை நாளில் அட்வான்ஸ் முழுதும் திரும்பி வந்தது. போனது சர்வே காசும் படகைத் தூக்கிய காசும் மட்டும்.

இப்போது அதே புரோக்கர் இன்னொரு படகு சொல்லியிருக்கிறார். 21 அடி, வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின், பக்கவாட்டில் கதவு இருப்பதால் அப்பா காலைத் தூக்காமலே ஏறலாம். சனிக்கிழமை காலை பார்க்கப் போகிறோம். முந்தின நாளிலிருந்து இன்ஜினைத் தொடக் கூடாது என்று எழுத்தில் அனுப்பிவிட்டேன், சரி என்று பதிலும் வந்துவிட்டது. அவுட்போர்டும் பின்பலகையில்தானே தொங்குகிறது என்று அப்பா நேற்று ராத்திரியே பழைய டூல் பெட்டியைத் திறந்து, மஞ்சள் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து, செருப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.